ஒரு வாக்கில் தப்பிய அதிபர்: ஆண்ட்ரூ ஜான்சனும் அமெரிக்கக் காங்கிரஸும் (1865–1868)

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசமைப்புச் சட்டம் 1787 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸுக்கும் ஆட்சித் தலைவரான அதிபருக்கும் ஒருவரை ஒருவர் தடுத்து நிறுத்தும் அதிகாரங்களை அது பகிர்ந்து கொடுத்தது. இந்த அதிகாரங்களில் ஏறக்குறைய அனைத்தும் ஒரே அதிபரின் காலத்தில் பயன்படுத்தப்பட்டதைப் பார்க்க விரும்பினால் ஆண்ட்ரூ ஜான்சனின் ஆட்சிக்காலத்தைத்தான் படிக்க வேண்டும். அவருடைய முன்னோடி ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்களில் பக்கம் பக்கமாக உண்டு. அடுத்து வந்தவருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. ஆனால் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் வாழ்க்கை எப்படி அமையும் என்பது அவருடைய நாட்களில்தான் முடிவாகிக்கொண்டிருந்தது.

(இங்கே காங்கிரஸ் என்பது நம் நாட்டுக் கட்சியின் பெயர் அன்று. பிரதிநிதிகள் அவை, செனட் என்ற இரு அவைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர். மாணவர்கள் இதில் அடிக்கடி குழம்புவதுண்டு.)

அதிகாரங்களின் அமைப்பு

இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா அதிபரிடம் செல்லும். அவர் கையெழுத்திட்டால் சட்டமாகும். விரும்பாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 10 நாட்களுக்குள், காரணங்களை எழுதித் திருப்பி அனுப்பலாம். இதுவே வீட்டோ. அதன் பிறகு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைத்தால் அதிபரின் கையெழுத்து இல்லாமலே மசோதா சட்டமாகிவிடும். 10 நாட்கள் முடிவதற்குள் காங்கிரஸ் கலைந்து போய்விட்டால் அதிபர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், மசோதா செத்துவிடும். இதைப் ‘பாக்கெட் வீட்டோ’ என்பார்கள். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பிய மசோதாவை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மீண்டும் நிறைவேற்றினாலே அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும். அமெரிக்க அதிபரின் மறுப்பு இதைவிடப் பல மடங்கு வலிமையானது.

எவ்வளவு வலிமை என்பதற்கு ஒரு கணக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் 1792 இல் முதல் வீட்டோவைப் பயன்படுத்தினார். ஒரு வீட்டோவைக் காங்கிரஸ் முதன்முதலாக முறியடித்தது 1845 மார்ச் 3 அன்று, ஜான் டைலரின் பதவிக்காலத்தின் கடைசி நேரத்தில். இடையில் 53 ஆண்டுகள். ஆண்ட்ரூ ஜாக்சன் 12 மசோதாக்களை மறுத்தார்; அவற்றில் ஒன்றையும் காங்கிரஸால் மீட்க முடியவில்லை.

காங்கிரஸின் கையில் இருந்தவையும் குறைவில்லை. பணம் ஒதுக்குவது, போர் அறிவிப்பது, அமைச்சர்கள், நீதிபதிகள் நியமனத்துக்குச் செனட் ஒப்புதல் தருவது, உடன்படிக்கைகளைச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஏற்பது என்று பல. கடைசி ஆயுதம் பதவி நீக்க விசாரணை. பிரதிநிதிகள் அவை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும். குற்றவாளி என்று தீர்ப்பளிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். விசாரிக்கப்படுபவர் அதிபர் என்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார். 1868 வரை எந்த அதிபர் மீதும் இந்த ஆயுதம் பாய்ந்ததில்லை.

தையற்காரர் அதிபரானது

ஆண்ட்ரூ ஜான்சன் 1808 டிசம்பர் 29 அன்று வட கரோலினாவின் ராலே நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. சிறு வயதிலேயே தையற்கடையில் வேலை பழக விடப்பட்டார். பின்னர் டென்னசியின் கிரீன்வில் ஊரில் குடியேறித் தையற்கடை வைத்தார். அவர் மனைவி எலைசா அவருக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்றுத்தந்தார். அந்த நிலையிலிருந்து ஊராட்சிப் பொறுப்பு, பிரதிநிதிகள் அவை, ஆளுநர் பதவி, செனட் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர். இந்த உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

1861 இல் தென் மாநிலங்கள் பிரிந்தபோது, பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் ஜான்சன் ஒருவர் மட்டுமே தம் இருக்கையை விடாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றார். அதனால் 1864 தேர்தலில் லிங்கன் கட்சி அவரைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. அவர் அடிப்படையில் ஜனநாயகக் கட்சிக்காரர். பெரும் பண்ணையார்களை வெறுத்தவர். ஆனால் அந்தப் பண்ணைகளில் உழைத்த கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமம் என்பதை அவர் ஏற்கவே இல்லை. வென்ற கட்சி இந்த இரண்டாவது செய்தியைப் போதிய அளவு கவனிக்காமல் விட்டது.

1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை இறந்தார். துணை அதிபராகி ஆறு வாரமே ஆன ஜான்சன் அதிபரானார்.

காங்கிரஸ் இல்லாத எட்டு மாதங்கள்

அப்போது காங்கிரஸ் கூட்டத்தொடர் நடக்கவில்லை. அடுத்த கூட்டம் டிசம்பரில்தான். ஜான்சன் அவசரக் கூட்டம் அழைக்கவில்லை. மே 29 அன்று வெளியிட்ட பிரகடனத்தின் மூலம், விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளும் பெரும்பாலான கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்புத் தந்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் அதிபரிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். பண்ணையார்கள் வரிசையில் வந்து கேட்டார்கள். அவரும் ஆயிரக்கணக்கில் வழங்கினார். மன்னிப்பு வழங்குவது அதிபரின் தனி அதிகாரம். அதில் காங்கிரஸ் குறுக்கே வர முடியாது.

தென் மாநிலங்களில் புதிய அரசுகள் அமைந்தன. அவை இயற்றிய சட்டங்களுக்குக் ‘கறுப்புச் சட்டங்கள்’ என்று பெயர். மிசிசிப்பியில் விடுதலை பெற்ற ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சனவரியில் தமக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி பறிபோகும். நகர எல்லைக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் முடியாது. உழவு தவிர வேறு தொழில் அறியாத மக்களுக்கு நிலமும் இல்லை, கூலிக்கு உறுதியும் இல்லை என்றால் அந்த விடுதலைக்கு என்ன பொருள்?

1865 டிசம்பரில் கூடிய காங்கிரஸ் தன் முதல் ஆயுதத்தை எடுத்தது. உறுப்பினர்களின் தகுதியை முடிவு செய்யும் உரிமை அந்தந்த அவைக்கே உண்டு. அந்த விதியைக் கொண்டு, தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்களை இருக்கையில் அமர விடவில்லை. நிலைமையை ஆராய 15 பேர் கொண்ட கூட்டுக்குழு ஒன்றையும் அமைத்தது.

மறுப்பும் முறியடிப்பும்

போரின் இறுதியில் விடுதலை பெற்றோருக்கு உணவு, பள்ளி, வழக்குகளில் பாதுகாப்பு ஆகியவற்றைத் தர ‘விடுதலை பெற்றோர் பணியகம்’ என்ற அமைப்பு ஏற்பட்டிருந்தது. அதன் காலத்தை நீட்டிக்கும் மசோதாவை 1866 பிப்ரவரி 19 அன்று ஜான்சன் மறுத்தார். செனட்டில் முறியடிப்புக்கு ஆதரவாக 30, எதிராக 18 வாக்குகள். இரண்டு வாக்கு போதவில்லை. அதிபர் வென்றார். மூன்று நாள் கழித்து, வாஷிங்டனின் பிறந்தநாளன்று, வெள்ளை மாளிகைக்கு முன் கூடிய கூட்டத்தில் பேசும்போது தேடியஸ் ஸ்டீவன்ஸ், சார்லஸ் சம்னர் ஆகிய காங்கிரஸ் தலைவர்களைப் பெயர் சொல்லி நாட்டின் எதிரிகள் வரிசையில் வைத்தார். ஓர் அதிபர் இப்படிப் பேசலாமா என்று அவருடைய நண்பர்களே முகம் சுளித்தார்கள்.

அடுத்து வந்தது குடியுரிமைச் சட்டம். அமெரிக்காவில் பிறந்தவர்கள், வரி செலுத்தாத பழங்குடியினர் நீங்கலாக, அனைவரும் குடிமக்கள். ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடரவும், சொத்து வாங்கவும் விற்கவும் எல்லா இனத்தவருக்கும் ஒரே உரிமை என்றது அந்த மசோதா. இன்று படித்தால் இதில் மறுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். மார்ச் 27 அன்று ஜான்சன் மறுத்தார். இது வெள்ளையரைவிடக் கறுப்பருக்குச் சாதகம் செய்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 36 மாநிலங்களில் 11 மாநிலங்களுக்கு அவையில் உறுப்பினரே இல்லாதபோது அவற்றைப் பாதிக்கும் சட்டம் செய்வது முறையா என்பது மற்றொன்று. முதற்காரணம் வெறும் இன வெறுப்பு. இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியாது. அரசமைப்பின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கு எடை உண்டு.

காங்கிரஸும் முழுக்கத் தூய கையோடு விளையாடவில்லை. வீட்டோ வந்த அதே நாளில் நியூ ஜெர்சியின் செனட்டர் ஜான் ஸ்டாக்டன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரின் தேர்தல் செல்லாது என்று சொல்லிச் செனட் அவரை வெளியேற்றியது. ஏப்ரல் 6 அன்று செனட்டில் 33க்கு 15 என்று வாக்குகள் விழுந்தன. தேவை 32. ஏப்ரல் 9 அன்று பிரதிநிதிகள் அவையில் 122க்கு 41. மிக முக்கியமான சட்டம் ஒன்றில் அதிபரின் மறுப்பைக் காங்கிரஸ் முறியடித்தது அதுவே முதல் முறை. சூலையில் பணியக மசோதாவும் சற்று மாற்றப்பட்டு இரண்டாம் முறை வந்து, மறுக்கப்பட்டு, முறியடிக்கப்பட்டது.

சாதாரணச் சட்டத்தை நாளை வேறொரு காங்கிரஸ் நீக்கிவிடலாம் அல்லவா? அதனால் குடியுரிமையை அரசமைப்பிலேயே எழுதிவிட 14 ஆவது திருத்தத்தை 1866 சூனில் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். அரசமைப்புத் திருத்தத்துக்கு அதிபரின் கையெழுத்துத் தேவையில்லை. ஆகவே ஜான்சனால் அதை மறுக்க முடியவில்லை. எதிர்த்துப் பேச மட்டும் முடிந்தது.

மக்களிடம் சென்றது

1866 மே மாதம் மெம்பிசிலும், சூலை 30 அன்று நியூ ஆர்லியன்சிலும் கறுப்பின மக்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். இரண்டு ஊர்களிலும் காவலர்களே தாக்கியவர்களோடு சேர்ந்திருந்தார்கள். மெம்பிசில் மட்டும் 46 கறுப்பினத்தவர் இறந்தனர். இந்தச் செய்திகள் வடக்கே பரவிக்கொண்டிருந்தபோது ஜான்சன் இரயிலில் பல மாநிலங்களைச் சுற்றிப் பரப்புரை செய்தார். போரில் புகழ்பெற்ற தளபதி கிராண்டையும் உடன் அழைத்துச் சென்றார். கிளீவ்லாந்தில் கூட்டத்தினர் கூச்சலிட, அவரும் பதிலுக்குக் கூச்சலிட, அதிபர் பதவியின் மதிப்பு தெருவில் கிடந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் எதிரணியான குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான இடங்களைப் பிடித்தது. அதன்பின் வீட்டோ வெறும் காகிதமாயிற்று.

1867 மார்ச் 2 ஆம் நாள் இதற்குச் சான்று. அன்று ஒரே நாளில் இரண்டு வீட்டோக்கள் வந்தன, இரண்டும் அன்றே முறியடிக்கப்பட்டன. ஒன்று, பத்துத் தென் மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தந்து புதிய அரசமைப்பு எழுதச் சொன்ன சட்டம். மற்றொன்று பதவிக்காலப் பாதுகாப்புச் சட்டம். செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கப்பட்டவர்களைச் செனட்டின் ஒப்புதல் இல்லாமல் அதிபர் நீக்கக் கூடாது என்றது அது. அதே நாளில் இராணுவச் செலவு மசோதாவில் ஒரு விதியையும் செருகினார்கள்: அதிபரின் எல்லா இராணுவ ஆணைகளும் தலைமைத் தளபதி கிராண்ட் வழியாகவே போக வேண்டும். மறுத்தால் படைக்குச் சம்பளம் இல்லை. ஜான்சன் தம் எதிர்ப்பை எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் இடங்களை 10 இலிருந்து 7 ஆகக் குறைத்து, காலியாகும் இடங்களை நிரப்ப முடியாதபடி செய்திருந்தார்கள். எட்டு மாதம் அதிபரைத் தனியே விட்ட அனுபவத்தால், புதிய காங்கிரஸ் டிசம்பர் வரை காத்திராமல் 1867 மார்ச் 4 அன்றே கூடவும் சட்டம் செய்துகொண்டார்கள். அதிபரைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி.

ஸ்டான்டனின் அறை

இராணுவ மாவட்டங்களை நடத்தும் போர்த்துறையின் அமைச்சர் எட்வின் ஸ்டான்டன். லிங்கன் நியமித்தவர். அதிபரின் அமைச்சரவையில் அமர்ந்துகொண்டே காங்கிரஸின் பக்கம் நின்றார். 1867 ஆகஸ்டு 12 அன்று ஜான்சன் அவரைத் தற்காலிகமாக நீக்கி, கிராண்டைப் பொறுப்பில் அமர்த்தினார். புதிய சட்டம் அதுவரை அனுமதித்தது. 1868 சனவரி 13 அன்று செனட் 35க்கு 6 என்ற வாக்கில் அந்த நீக்கத்தை ஏற்க மறுத்தது. கிராண்ட் விலகினார், ஸ்டான்டன் திரும்பினார்.

பிப்ரவரி 21 அன்று ஜான்சன் ஸ்டான்டனை முழுமையாக நீக்கி, லோரன்சோ தாமஸ் என்ற முதிய தளபதியை அந்த இடத்துக்கு அனுப்பினார். ஸ்டான்டன் அறையை விட்டு அசையவில்லை. விடாமல் இரும் என்ற பொருளில் சம்னர் அவருக்கு ஒரே ஒரு சொல்லில் தந்தி அனுப்பினார். மறுநாள் காலை தாமஸ் கைது செய்யப்பட்டுப் பிணையில் வெளிவந்து, மறுபடி ஸ்டான்டனிடம் வந்து பதவியைக் கேட்டார். வாக்குவாதம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து விஸ்கி குடித்தார்கள் என்பது வரலாற்றில் பதிவான செய்தி. வழக்கு நீதிமன்றம் போனால் சட்டமே செல்லுமா என்று கேட்கலாம் என ஜான்சன் எதிர்பார்த்தார். அதை உணர்ந்த மறுதரப்பு வழக்கைக் கைவிட்டது. ஸ்டான்டன் மூன்று மாதம் அந்த அலுவலகத்திலேயே குடியிருந்தார்.

பிப்ரவரி 24 அன்று பிரதிநிதிகள் அவை 126க்கு 47 என்ற வாக்கில் அதிபர் மீது குற்றம் சாட்டியது. இரண்டரை மாதத்துக்கு முன் இதே அவையில் இதே போன்ற தீர்மானம் 57க்கு 108 என்று தோற்றிருந்தது. சட்டத்தை மீறினார் என்று சொல்லத் தெளிவான ஒரு செயல் இப்போது கிடைத்ததே மாற்றத்துக்குக் காரணம். 11 குற்றச்சாட்டுகள் எழுதப்பட்டன. பெரும்பாலானவை ஸ்டான்டன் நீக்கம் பற்றியவை. பத்தாவது அவருடைய மேடைப் பேச்சுகளைப் பற்றியது. பதினொன்றாவது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது.

கறுப்பின மக்களின் உரிமையை அவர் எப்படிக் கெடுத்தார் என்பதே உண்மையான குறை. ஆனால் குற்றப்பத்திரிகை ஓர் அமைச்சரின் நாற்காலியைப் பற்றியதாக அமைந்தது. வழக்கின் பலவீனம் அங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. அதிலும் அந்தச் சட்டத்தின் வாசகம் குழப்பமானது. அமைச்சர்கள், தம்மை நியமித்த அதிபரின் பதவிக்காலமும் அதற்குப் பின் ஒரு மாதமும் பதவியில் இருப்பார்கள் என்றது. ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. அப்படியானால் ஸ்டான்டனுக்குப் பாதுகாப்பே இல்லையே என்று அதிபரின் வழக்கறிஞர் பெஞ்சமின் கர்டிஸ் வாதிட்டார். இவர் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி. கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்ற 1857 ஆம் ஆண்டின் கொடிய டிரெட் ஸ்காட் தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவர். ஜான்சனை விரும்பாதவரும் மதிக்கும் வழக்கறிஞர்.

35க்கு 19

தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தலைமையில் மார்ச்சில் விசாரணை தொடங்கியது. பார்வையாளர் மாடத்துக்கு நுழைவுச்சீட்டு அச்சிட வேண்டியிருந்தது. ஜான்சன் நேரில் வரவில்லை. நோயில் தளர்ந்திருந்த ஸ்டீவன்ஸைத் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். 27 மாநிலங்களின் 54 செனட்டர்கள் நீதிபதிகள். 36 பேர் குற்றவாளி என்றால் அதிபர் வெளியேற வேண்டும்.

அப்போது துணை அதிபர் இல்லை. ஜான்சன் நீக்கப்பட்டால் செனட்டின் இடைக்காலத் தலைவர் பெஞ்சமின் வேட் அதிபராவார். அவரும் தீர்ப்பு வழங்கும் 54 பேரில் ஒருவர்! தமக்கே பதவி கிடைக்கும் வழக்கில் அவர் குற்றவாளி என்றே வாக்களித்தார். வேட்டின் தீவிரக் கருத்துகளைக் கண்டு அஞ்சிய அவருடைய கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

மே 16 அன்று முதலில் பதினொன்றாவது குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு வந்தது. சேஸ் ஒவ்வொரு பெயராக அழைத்தார். சில நாட்களுக்கு முன் பக்கவாதத்தால் விழுந்த அயோவாவின் ஜேம்ஸ் கிரைம்ஸைத் தூக்கி வந்திருந்தார்கள். குற்றமற்றவர் என்றார். பெசன்டன், டிரம்புல் போன்ற மூத்த குடியரசுக் கட்சியினரும் அப்படியே சொன்னார்கள். கான்சாசின் எட்மண்ட் ராஸ் என்ன சொல்வார் என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியாமல் இருந்தது. அவரும் குற்றமற்றவர் என்றார். குற்றவாளி 35, குற்றமற்றவர் 19. ஒரு வாக்கு குறைவு. பத்து நாள் ஒத்திவைத்து மே 26 அன்று இன்னும் இரண்டு குற்றச்சாட்டுகளில் வாக்கெடுத்தார்கள். அதே 35, அதே 19. ஸ்டான்டன் அன்றே அறையைக் காலி செய்தார்.

கட்சியை மீறி வாக்களித்த எழுவரில் ராஸின் பெயரே புகழ்பெற்றது. பிற்காலத்தில் ஜான் கென்னடி தம் நூலில் அவரைத் துணிவின் உருவமாகக் காட்டியது அதற்கு ஒரு காரணம். ஆனால் விசாரணை முடிந்தபின் ராஸ் தம் ஆட்களுக்குப் பதவி கேட்டு ஜான்சனுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டதா என்று பிரதிநிதிகள் அவை விசாரித்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. திரைக்குப் பின் நடந்த ஒரு பேச்சும் முடிவைத் தீர்மானித்தது. போர்த்துறைக்கு இரு தரப்பும் நம்பும் தளபதி ஜான் ஸ்கோபீல்டை நியமிப்பதாகவும் இனி வம்பு செய்வதில்லை என்றும் ஜான்சன் தரப்பு மிதவாதிகளுக்கு உறுதி தந்திருந்தது. ஆகவே காங்கிரஸ் தோற்றது என்று சொல்வது பாதி உண்மையே. மீதமிருந்த மாதங்களில் ஜான்சன் வீட்டோக்களை அனுப்பிக்கொண்டிருந்தாலும் இராணுவ மாவட்டங்களின் வேலையைக் கெடுக்கவில்லை. அந்த 1868 சூலையிலேயே 14 ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை சண்டைக்கு நடுவிலும் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கும் உடன்படிக்கையைச் செனட் 37க்கு 2 என்று ஏற்றது என்பதும், அதற்கான 72 இலட்சம் டாலரை விசாரணை முடிந்த பிறகே பிரதிநிதிகள் அவை ஒதுக்கியது என்பதும் பலர் அறியாத செய்திகள்.

பின்னர்

ஜான்சன் மொத்தம் 29 மசோதாக்களை மறுத்தார். அவற்றில் 15 முறியடிக்கப்பட்டன. இன்றுவரை வேறெந்த அதிபருக்கும் இத்தனை முறியடிப்புகள் நேர்ந்ததில்லை. பதவிக்காலப் பாதுகாப்புச் சட்டம் 1887 இல் நீக்கப்பட்டது. அஞ்சல் அதிகாரி ஒருவரின் பணிநீக்க வழக்கில் 1926 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய சட்டமே செல்லாதது என்றது. நியமிக்கச் செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்பதால் நீக்கவும் வேண்டும் என்று ஆகாது என்பது அதன் சாரம். ஜான்சனின் வாதம் 58 ஆண்டு கழித்து வென்றது. அதே உச்ச நீதிமன்றம் 14 ஆவது திருத்தத்துக்குப் பல பத்தாண்டுகள் உயிரூட்டாமல் இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1877 இல் தெற்கே படைக்காவல் முடிந்தபின் அங்குள்ள கறுப்பின மக்களின் வாக்குரிமை கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கப்பட்டது. 1965 வரை பெரும்பகுதி திரும்பவில்லை.

பதவி நீக்க ஆயுதம் பின்னரும் எடுக்கப்பட்டது. 1999 இல் கிளின்டனும், 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் டிரம்பும் செனட்டில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். நிக்சன் 1974 இல் வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார். செனட்டால் நீக்கப்பட்ட அதிபர் இதுவரை ஒருவருமில்லை.

ஜான்சன் 1875 இல் டென்னசியின் செனட்டராக, தம்மை விசாரித்த அதே அவைக்குத் திரும்பினார். முன்னாள் அதிபர் ஒருவர் செனட்டரானது அந்த ஒரு முறைதான். மார்ச் 22 அன்று பேசிய அவர், லூசியானாவில் படையை அனுப்பியதற்காக அதிபர் கிராண்டைக் கடுமையாகத் தாக்கினார். சூலை 31 அன்று இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி, தேசியக் கொடியில் உடலைச் சுற்றி, தலைக்கு அடியில் அரசமைப்புச் சட்டத்தின் படி ஒன்றை வைத்து, கிரீன்வில்லில் அடக்கம் செய்தார்கள்.